இது என்ன படமம்மா?

"ஏனுங்க டீச்சர், இது என்ன படமுங்க?"

சென்ற பெற்றோர் தினத்தன்று நம் விளையாட்டுத் திடலின் கீழ்ப்புறச் சுவர் முன்னே நின்று ஒரு தந்தையார் இவ்வாறு கேட்டார். பணிவாகத்தான் கேட்டார். எங்கள் ஓவிய ஆசிரியை புன்னகை செய்து, "பிள்ளைகளையே கேளுங்கள்" என்று எங்கள் பக்கம் கைகாட்டிவிட்டார். அவர் எங்களிடம் திரும்பி, "இது என்ன படமம்மா?" என்றார். பதினோராம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் 26 பேர் அங்கே நின்றிருந்தோம். ஒருவருக்கும் வாய் எழவில்லை. அன்று விழித்து நின்றவர்கள், இன்று இந்த ஆண்டு மலர் வாயிலாகப் பதில் சொல்ல முற்படுகிறோம். காலம் கடந்த பதிலாயினும் பெரியோர்கள் பொறுத்தருள்வார்களாக.

சுவரைக் காணாதவர்களுக்காக முதலில் ஓரிரு சொற்கள். சுவர் 40 அடி நீளம், 9 அடி உயரம். இடப்புறம் பாதிக்கு மேல் ஒரே சிவப்பு. அதையடுத்து மேலிருந்து கீழ்வரை இரண்டடி அகலத்தில் ஒரு மஞ்சள் பட்டை. அதற்கப்பால் நீலம். நீலத்தின் நடுவே, சுவரை அப்படியே விட்டுவிட்ட ஒரு வெள்ளைச் சதுரம். வலது ஓரத்தில் மீண்டும் மஞ்சள், இம்முறை சற்றுச் சாய்வாக. அவ்வளவே! மானில்லை, மயிலில்லை, குடமேந்திய பெண்ணில்லை, நீர்வீழ்ச்சியும் இல்லை. பழைய செய்தித்தாள்களைச் சேர்த்து விற்ற பணத்தில் சாயம் வாங்கினோம். நூலில் வண்ணப்பொடி தோய்த்து இழுத்துப் பிடித்துத் தட்டினால் நேர்கோடு விழும் என்பதை, கழிவறைக் கட்டட வேலைக்கு வந்திருந்த கொத்தனார் எங்களுக்குக் கற்றுக் கொடுத்தார். நான்கு சனிக்கிழமைகளில் வேலை முடிந்தது.

வேலை முடிந்ததும் வழக்குத் தொடங்கியது. "பிள்ளைகள் பாதியில் விட்டுவிட்டார்களா?" என்று கேட்டவர் உண்டு. "இதை எங்கள் வீட்டில் வெள்ளையடிக்கும் ஆளே செய்வாரே" என்றவர் உண்டு. உக்கடத்தில் அடுக்குமாடிக் குடியிருப்புச் சுவர்களில் எவ்வளவு அழகாக ஓவியங்கள் தீட்டியுள்ளார்கள், அதுபோலச் செய்திருக்கலாமே என்று ஒரு தாயார் அன்புடன் சொன்னார். பத்தாம் வகுப்புத் தோழியர் சிலர், பொன்மொழிகள் எழுதியிருந்தால் பொதுத் தேர்வுக் கட்டுரைக்காவது உதவியிருக்கும் என்றனர். இவற்றின் பயனாக, வரும் கோடை விடுமுறையில் அச்சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துவிடலாமா என்ற பேச்சு நடைபெற்று வருகிறது. அதனால்தான் இக்கட்டுரை. சுவர் இருக்க வேண்டும் என்பது எங்கள் கட்சி.

அன்று வந்தவர்களுள் ஒருவர் மட்டும் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் அம்மிச்சி அவர். அந்தியூர்ப் பக்கத்திலிருந்து பேருந்தேறி வந்தவர். சுவரருகே சென்று, கையை அதன்மேல் வைத்துப் பார்த்துவிட்டு, "ஏங் கண்ணு, நம்மூட்டு ஜமக்காளமாட்டவே இருக்குதே! செவப்பு நல்லா எடுத்திருக்குது" என்றார். பின்பு அங்கேயே நிழலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டார். எங்களுக்குத் தோன்றாத பதிலை எழுதப் படிக்கத் தெரியாத அந்த முதியவர் சொல்லிவிட்டார். அவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டுதான் நாங்கள் மேலே செல்கிறோம்.

பவானி ஜமக்காளத்தை அறியாத கொங்கு நாட்டு வீடு உண்டோ? காவிரியும் பவானியும் கூடும் கூடுதுறையில், ஈரோடு மாவட்டத்துப் பவானியில், 19-ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியிலிருந்து அது நெய்யப்பட்டு வருகிறது. சீமைத் துணி வந்து குவிந்து உள்நாட்டு நெசவை நெருக்கிய நாளில், தடித்த பருத்தி நூலைச் சாயமேற்றிப் பட்டை பட்டையாக நெய்யும் இத்தொழிலை அவ்வூர் நெசவாளர்கள் கைக்கொண்டனர். 2005-ஆம் ஆண்டு அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கைத்தறிக்கென்று ஒதுக்கீடு செய்யும் 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஜமக்காளமும் கைத்தறிக்கே உரிய பொருள்களுள் ஒன்று. ஆயினும், விசைத்தறியில் ஓட்டியதைப் பவானிப் பெயரில் விற்கிறார்கள் என்று நெசவாளர்கள் முறையிடுவது ஓய்ந்தபாடில்லை.

அந்த ஜமக்காளத்தை ஒருமுறை விரித்துப் பாருங்கள், தோழியரே! சிவப்பு ஒரு பட்டை, நீலம் ஒரு பட்டை, மஞ்சள், பச்சை, கறுப்பு என்று வரிசை. இதில் என்ன உருவம் இருக்கிறது? இது என்ன "படம்"? திருமணத்தில் நூறு பேர் அதன்மேல் அமர்ந்து பேசுகிறார்கள். சீர்த் தட்டுகளை அதன்மேல்தான் பரப்புகிறார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் அமர்வதும் அதில்தான். பட்டைக்கு அடுத்த பட்டை ஏன் இந்த நிறம், ஏன் இந்த அகலம் என்று ஒருவரும் நெசவாளரைக் கேட்பதில்லை. ஆனால் சிவப்புக்குப் பக்கத்தில் நிறம் பொருந்தாமல் வந்திருந்தால், "இது வேண்டாம், அடுத்ததை எடுங்கள்" என்று கடையிலேயே நம் தாய்மார்கள் தள்ளிவிடுவார்கள். எதனால் தள்ளினார்கள்? கண் சொன்னது, தள்ளினார்கள். அந்தக் கண் நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக இருந்து வருகிறது. பட்டிப் பொங்கலன்று எருதின் ஒரு கொம்புக்குச் சிவப்பும் மறு கொம்புக்கு நீலமும் பூசும் பாட்டனாருக்கும் அது உண்டு. தரையில் விரித்தால் நன்றாக இருப்பது, சுவரில் நிமிர்த்தினால் மட்டும் விளங்காமற்போவது ஏன் என்பதே எங்கள் கேள்வி.

"வரையத் தெரியாதவர்கள்தான் இப்படிச் சாயத்தை அப்பிவிட்டு ஓவியம் என்பார்கள்" என்று ஒரு பேச்சு உண்டு. எங்கள் மட்டில் அது ஓரளவு உண்மைதான். எங்களில் பலருக்குக் குதிரை வரைந்தால் கழுதையாக முடியும். ஆனால் ஓவியர் கே. எம். ஆதிமூலத்தைப் பற்றி யார் அப்படிச் சொல்ல முடியும்?

புதுக்கோட்டை மாவட்டத்துக் கீரமங்கலத்தில் 1938-இல் பிறந்தவர் அவர். சென்னை ஓவியக் கல்லூரியில் 1960-களில் பயின்றார். 1969-இல் காந்தியடிகளின் நூற்றாண்டையொட்டி அவர் கறுப்பு மையில் வரைந்த காந்தி ஓவியங்கள் நாடறிந்தவை. சில கோடுகளே இருக்கும். காந்தியடிகள் நடந்து வருவார். கி. ராஜநாராயணனின் கரிசல் காட்டுக் கடுதாசிக்கு அவர் வரைந்த கோட்டோவியங்களைப் பல வீடுகளில் பெற்றோர் கத்தரித்து வைத்திருந்ததாகச் சொல்லக் கேட்டிருக்கிறோம். நூல் அட்டைகளுக்குத் தமிழ் எழுத்தையே ஓவியமாக எழுதிக் காட்டியவரும் அவரே. இத்தகைய கோடு கைவசம் உள்ள ஒருவர், அதை வைத்துக்கொண்டே ஆயுள் முழுவதும் புகழோடு வாழ்ந்திருக்கலாம் அல்லவா? அவரோ பெரிய துணித் திரைகளில் எண்ணெய் வண்ணத்தைத் தடிப்பாகப் படர விட்டு, உருவமே இல்லாத ஓவியங்களைத் தீட்டத் தொடங்கினார். சிவப்பு பரந்து கிடக்கும்; அதனுள் ஒரு மஞ்சள் கீற்று வெடித்திருக்கும்; நீலம் ஒரு மூலையிலிருந்து ஏறி வரும். 2008-இல் மறையும் வரை இந்த வண்ண வெளிகளை அவர் விடவேயில்லை. கோடு வராமல் அவர் வண்ணத்திற்குப் போகவில்லை. கோட்டின் எல்லைவரை நடந்து பார்த்துவிட்டுப் போனார்.

அவர் பயின்ற காலத்தில் அக்கல்லூரியின் முதல்வராக இருந்தவர் கே. சி. எஸ். பணிக்கர். அவர் 1911-இல் பிறந்தது நம் கோயம்புத்தூரில் என்பதை நம் பள்ளியில் எத்தனை பேர் அறிவோம்? நாங்களும் இக்கட்டுரைக்காகத் தேடும்போதுதான் அறிந்தோம். 1966-இல் சென்னைக்குத் தெற்கே சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உண்டாக்கியவர் அவர். கணக்குக் குறிகளும், படித்தால் பொருள் தராத எழுத்துகளும் நிறைந்த அவருடைய 'சொற்களும் குறியீடுகளும்' ஓவியங்களைப் பார்த்தபோது, எங்களுள் சிலருக்குத் தங்கள் கணக்கு நோட்டு நினைவுக்கு வந்தது. விளங்காவிட்டாலும் பார்க்க அழகாக இருக்கிறது என்று கணக்கு ஆசிரியையிடம் சொல்ல மட்டும் துணிவு வரவில்லை.

இனி, ஏன் சிவப்பு, மஞ்சள், நீலம்? சாயம் கலப்பவர்களுக்கு இவை மூன்றும் மூல வண்ணங்கள். மற்ற நிறங்களைக் கலந்து இவற்றைச் செய்ய முடியாது என்பது அவர்களுடைய மரபு வழக்கு. இவற்றைக் கலந்து பலவற்றைச் செய்யலாம். ஒளியைப் பற்றிப் பேசும் இயற்பியல் ஆசிரியை, மூல வண்ணங்கள் சிவப்பு, பச்சை, நீலம் என்பார். இருவர் சொல்வதும் சரியே. ஒன்று சாயத்தின் கணக்கு, மற்றொன்று ஒளியின் கணக்கு. எங்களுக்கு இம்மூன்றும் பிடித்ததற்குக் காரணம் எளிது. இவற்றில் ஒளித்துவைக்க ஒன்றுமில்லை. மானை வரைந்தால் கால் கோணலா என்று பார்ப்பார்கள், நிறத்தைப் பார்க்க மாட்டார்கள். மானை எடுத்துவிட்டால் நிறம் மட்டும் நிற்கிறது. சிவப்பு சிவப்பாக இருந்தே தீர வேண்டியிருக்கிறது.

ஏன் இவ்வளவு பெரிது என்பதற்கும் ஒரு பதில் உண்டு. அமெரிக்க ஓவியர் பார்னெட் நியூமன் 1951-இல் தம் கண்காட்சியில் ஓர் அறிவிப்பு வைத்தார்: பெரிய ஓவியங்களைத் தூரத்திலிருந்து பார்ப்பது மக்கள் வழக்கம், ஆனால் இவற்றை அருகில் நின்று பார்க்க வேண்டும் என்பது அதன் கருத்து. சிறு தாளில் உள்ள சிவப்பு ஒரு பொருள். ஒன்பதடி உயரச் சிவப்பின் முன்னே இரண்டடி தூரத்தில் நின்றால், வேறெதுவும் கண்ணில் படாது. நாம் அதற்குள் நிற்கிறோம். ஜமக்காளத்தின்மேல் உட்கார்ந்தவர்களுக்கு இது புதிய செய்தி அன்று.

இதே நியூமன்தான் 1966 முதல் 1970 வரை, "சிவப்பு, மஞ்சள், நீலத்தைக் கண்டு அஞ்சுபவர் யார்?" என்ற தலைப்பில் நான்கு ஓவியங்களைத் தீட்டினார். மூன்றாவது ஓவியம் ஏறத்தாழ 18 அடி நீளம். பெரும்பகுதி ஒரே சிவப்பு. அஞ்சுபவர்கள் இருந்தார்கள்! நான்காவது ஓவியத்தை 1982-இல் பெர்லின் நகரில் ஒரு மாணவன் தாக்கிச் சேதப்படுத்தினான். மூன்றாவதை 1986-இல் ஆம்ஸ்டர்டாம் அருங்காட்சியகத்தில் ஒருவன் கத்தியால் கிழித்தான். நாள்காட்டியில் உள்ள மானைக் கண்டு எவரும் கத்தி எடுத்ததில்லை. ஒன்றுமே இல்லாத சிவப்பு ஒரு மனிதனை அவ்வளவு தூரம் கலக்க முடியுமாயின், அங்கே "ஒன்றுமில்லை" என்று எப்படிச் சொல்வது? நம் பெற்றோர் கேள்வி மட்டுமே கேட்டார்கள் என்பதில் எங்களுக்கு ஆறுதல். இந்த நியூமன் யூதர். ஆயினும் 1958 முதல் 1966 வரை சிலுவைப்பாதையின் 14 நிலைகள் என்று 14 ஓவியங்களைக் கறுப்பிலும் வெள்ளையிலும் செய்தார். ஒரு நிலையிலும் உருவம் இல்லை, வெறும் கோடுகளே. தவக்காலத்தில் அந்தப் படங்களைக் கணினி அறையில் பார்த்தபோது எங்களுள் ஒருத்தி, பன்னிரண்டாம் நிலைக்கு வந்ததும் தானாக எழுந்து நின்றுவிட்டாள். பிறகு வெட்கப்பட்டாள்.

அருட்சகோதரியர்க்கு இன்னொரு செய்தி. பிரான்சு நாட்டின் தென்பகுதியில் வான்ஸ் என்ற ஊரில், தொமினிக்கன் கன்னியருக்காகச் செபமாலை மாதா சிற்றாலயம் ஒன்றை ஓவியர் ஹென்றி மத்தீஸ் அமைத்தார். 1941-இல் பெரிய அறுவை சிகிச்சை செய்துகொண்டு நலிந்திருந்த அவருக்கு, அதன்பின் மோனிக் என்ற இளம்பெண் செவிலியாகப் பணிபுரிந்தார். பின்னர் அப்பெண் துறவறம் பூண்டு சகோதரி ஜாக்-மரி ஆனார். அச்சகோதரி காரணமாகத்தான் முதியவரான மத்தீஸ் இப்பணியில் இறங்கினார். ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் உழைத்தார். 1951-இல் ஆலயம் அர்ச்சிக்கப்பட்டது. சாளரக் கண்ணாடிகளில் மூன்றே நிறங்கள்: மஞ்சள், பச்சை, நீலம். தரையும் சுவரும் வெண்மை. வெயில் ஏறும்போது கண்ணாடியின் நிறங்கள் வெண்மையின்மீது இறங்கி நகர்கின்றன. நம் சிற்றாலயத்தில் காலைப் பூசையின்போது, வண்ணக் கண்ணாடியின் சிவப்பு ஒரு துண்டு சகோதரியரின் வெண்ணிற ஆடையில் விழுந்து, நற்கருணை வேளைக்குள் பீடத்தருகே போய்விடுவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்தச் சிவப்புத் துண்டுக்கு யாரும் பொருள் கேட்டதில்லை.

விலையைக் காட்டினால்தான் சிலர் நம்புவார்கள். மத்தியப் பிரதேசத்துக் காட்டோரக் கிராமமொன்றில் பிறந்த எஸ். எச். ரசா, சிறுவனாக இருந்தபோது பாடத்தில் மனம் ஓடாமல் அலைந்தாராம். ஆசிரியர் சுவரில் ஒரு புள்ளி வைத்து, அதையே பார்த்துக்கொண்டிரு என்றாராம். அந்தப் புள்ளி, பல ஆண்டுகளுக்குப் பின் அவருடைய 'பிந்து' ஓவியங்களாயிற்று: நடுவே கரிய வட்டம், சுற்றிலும் சிவப்பும் மஞ்சளும் நீலமும். அவருடைய ஓவியம் ஒன்று 2023-இல் 51 கோடியே 75 லட்சம் ரூபாய்க்கு ஏலம் போனது. இத்தொகையை நாங்கள் வாதமாக வைக்கவில்லை. ஏலத்தில் ஏறுவதெல்லாம் நல்லது என்று சொல்வது எங்கள் கட்சிக்கும் உதவாது. எங்களுக்குப் பிடித்தது அந்த ஆசிரியரின் புள்ளி. படிக்காத பையனுக்குத் தண்டனையாக நூறு முறை எழுதச் சொல்லாமல், பார்க்கச் சொன்னார். நமக்கு வாரத்தில் ஒரு மணி நேரம் ஓவிய வகுப்பு. அதுவும் திருப்புதல் தேர்வு நெருங்கினால் கணக்கு வகுப்பாகிவிடும். பார்ப்பதற்கென்று பள்ளியில் வேறு பாடவேளை இல்லை.

எங்கள் சுவரில் குறைகள் உண்டு. மலிவான சாயம் வாங்கியதால் ஐப்பசி மழையில் சிவப்பு சற்று வழிந்து மஞ்சளைத் தொட்டுவிட்டது. நீலத்தில் ஓரிடத்தில் பூச்சு உரிந்திருக்கிறது. சாய்வான மஞ்சளை நேராக வைத்திருக்க வேண்டுமென்று எங்களில் பாதிப்பேர் இப்போதும் சண்டையிடுகிறோம். "அந்த நேரத்தில் படித்திருந்தால்..." என்ற பேச்சுக்கும் எங்களிடம் முழுப் பதில் இல்லை, நான்கு சனிக்கிழமைகள் போனது மெய். இதனைச் சிறந்த ஓவியம் என்று சொல்லவும் நாங்கள் முன்வரவில்லை. ஆதிமூலத்தின் சிவப்பைப் பார்த்தவர்கள் எங்கள் சிவப்பைக் காட்டித் தலைநிமிர முடியாது.

ஆனால் சிலவற்றைக் கவனித்தோம். ஆறாம் வகுப்புச் சிறுமியர் இடைவேளையில் கட்சி பிரிக்கும்போது, "நான் மஞ்சள், நீ நீலம்" என்று சுவரைத் தொட்டுப் பிரிகிறார்கள். வெள்ளைச் சதுரத்தில் முதுகு வைத்து நிற்பவளை ஆட்டத்தில் பிடிக்கக் கூடாது என்ற சட்டத்தை யார் இயற்றினார்கள் என்று தெரியவில்லை. விடுதியில் புதிதாகச் சேர்ந்து அழுதுகொண்டே இருந்த ஒரு சிறுமி, நீலத்தின் அருகிலேயே போய் உட்காருவாள். ஏன் என்று கேட்டதற்கு, "சும்மாதானுங்க அக்கா" என்றாள். அதற்குமேல் நாங்களும் கேட்கவில்லை.

எனவே மதிப்பிற்குரிய தலைமைச் சகோதரியிடமும் பெற்றோரிடமும் எங்கள் வேண்டுகோள் இது. உரிந்த இடங்களை விடுமுறைக்கு முன் நாங்களே சீர்செய்கிறோம். இம்முறை நல்ல சாயம் வாங்குகிறோம். செய்தித்தாள்கள் மீண்டும் சேர்ந்துள்ளன. சாய்வான மஞ்சளை மாற்றச் சொன்னால் மாற்றவும் இசைகிறோம். பெற்றோர் தினம் முற்பகலில் நடந்ததால், வெயில் சுவருக்குப் பின்னால் இருந்தது. வந்தவர்கள் நிழலில்தான் அதைப் பார்த்தார்கள். சுண்ணாம்பு கலக்குமுன் ஒருநாள் மாலை ஐந்து மணிக்குத் திடலுக்கு வாருங்கள். மேற்கு வெயில் அப்போதுதான் சிவப்பில் விழுகிறது. ஜமக்காளம் ஒன்றும் விரித்து வைத்திருப்போம்.